நெய்வேலி ஓடுபாதை யாருடையது?

நிலத்தைக் கொடுத்தவன் தமிழன். அந்நிலத்தைத் தோண்டியவன் தமிழன். தோண்டியெடுத்த பழுப்பு நிலக்கரியை உலையிலிட்டு மின்னாற்றலாக்க, அவ்வுலையின்முன் நின்று வெந்தவனும் தமிழன். ஆனால் அதே நிலத்தின்மேல் ஓர் ஓடுபாதையைப் போட்டுவிட்டு, அதில் வானூர்தி இறங்கலாமா கூடாதா, எவ்வூரிலிருந்து எவ்வூர்க்குப் பறக்கலாம், அதற்கு எம்மொழியில் பெயரிடலாம் என்றெல்லாம் முடிவு கட்டுபவன் மட்டும் தில்லிக்காரன்! நெய்வேலியின் நிலை இதுவே. இந்நிலையை மறைத்துவிட்டு, வானூர்தி நிலையம் வந்தால் வளம் கொழிக்கும் என்று பேசுவது, பசித்தவன் முன் இலையைப் போட்டுவிட்டுச் சோற்றைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

வானூர்தி நிலையம் ஒரு நாட்டுப்புறத்தின் பொருளியலை உயர்த்தும் என்பது பொய்யன்று. தொலைவிலுள்ளவன் ஒரு பகற்பொழுதில் வந்திறங்குவான், தங்குவான், உண்பான், கைவினைப் பொருள்களை வாங்குவான். தங்கும் விடுதிகள் எழும். ஊர்தி ஓட்டுநர்க்கும் வழிகாட்டிக்கும் வேலை கிடைக்கும். விரைவில் கெட்டுப்போகும் பூவும் கனியும் மீனும் அயல்நாட்டுச் சந்தையை அன்றே சென்றடையும். இவையெல்லாம் மெய். ஆனால் இம்மெய்க்குள் இன்னொரு மெய் உண்டு. வானூர்தி நிலையம் என்பது ஒரு வாயில். வாயிலின் பயன், வீடு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டுக்காரன் கையில் திறவுகோல் இருந்தால் விருந்தினர் வருவர். திறவுகோல் மாற்றான் இடுப்பில் தொங்கினால், வீட்டுக்காரன் தன் வாயிலிலேயே காத்துக் கிடப்பான்.

நெய்வேலியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். 1930-களில் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருளொன்று வெளிப்படக் கண்டு, அதனை அரசுக்கு அறிவித்தவர் சம்புலிங்கனார். பின்னர் சுரங்கம் அமையத் தம் நிலத்தில் 600 ஏக்கருக்கும் மேற்பட்டதைக் கொடையாகவே கொடுத்தவரும் அவரே. காமராசர் ஆட்சிக்காலத்தில் 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகத்தில் கரிப்படுகை வெளிப்பட்டது. 1962-இல் மின்னாக்கம் தொடங்கிற்று. ஊர்கள் பல பெயர்க்கப்பட்டன. உழுதவர் ஒப்பந்தக் கூலிகளாயினர். அங்கு விளையும் மின்னாற்றல் இன்று கருநாடகத்துக்கும் கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் தெலுங்கானத்துக்கும் செல்கிறது. கொடுத்த ஊருக்குக் கிடைத்த நன்றி யாது? 2016-இல் நிறுவனத்தின் பெயரையே மாற்றினர். 'நெய்வேலி' என்னும் ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தொன்றாகச் சுருங்கிற்று; அதன் பக்கத்தில் 'இந்தியா' என்பது முழுமையாக வந்து அமர்ந்துகொண்டது!

அந்நிறுவனத்துக்கு உரியதே நெய்வேலி ஓடுபாதை. சுரங்கத்தைப் பார்க்க வரும் உயர் அலுவலர்க்கும் அமைச்சர்க்கும் அது பயன்படலாம்; நிலமிழந்த உழவனுக்கு அதனால் ஒரு பயனும் விளைந்ததில்லை. பொதுமக்களும் அதில் பறப்பர் என்ற பேச்சு 2017-இல் வலுப்பெற்றது. 2016 அகுதோபரில் நடுவணரசு சிறு நகர்களை வானூர்தியால் இணைக்கும் திட்டமொன்றை வெளியிட்டது. 2017 மார்ச்சு 30-இல் அதன் முதற்சுற்றாக 128 வழித்தடங்கள் 5 நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 50 தடங்களை ஏர் ஒடிசா என்னும் ஒரே நிறுவனம் பெற்றது. நெய்வேலி–சென்னைத் தடமும் அதன் பங்கில் விழுந்தது. நிலையத்தைச் செப்பனிடும் பணிகள் நடந்தன. உரிமம் இதோ வருகிறது, வானூர்தி அதோ பறக்கப் போகிறது என்று செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதின. மூன்றாண்டு உரிமைக் காலம் முழுவதும் கழிந்தது. அதன்பின் 2024-ஆம் ஆண்டும் வந்து போயிற்று. நெய்வேலியில் பயணியர் வானூர்திப் போக்குவரவு தொடங்கவே இல்லை!

அத்திட்டத்தின் பெயர்தான் என்ன? 'உடான்'! 'உடே தேசு கா ஆம் நாகரிக்' என்னும் இந்தித் தொடரின் சுருக்கமாம் அது. நாட்டின் எளிய குடிமகன் பறக்கட்டும் என்பது அதன் பொருள். எளிய குடிமகன் பறப்பானாம். ஆனால் அவன் பறக்கும் திட்டத்தின் பெயர் அவனுக்கு விளங்காதாம்! 1981-இல் சிறு நகர்களுக்கென்று நடுவணரசு தொடங்கிய நிறுவனத்துக்கும் 'வாயுதூத்' என்று சமற்கிருதப் பெயரையே சூட்டினர். அது இழப்பில் மூழ்கி 1990-களில் இண்டியன் ஏர்லைன்சு நிறுவனத்தில் கரைந்தது. வானூர்திகள் வரும், போகும்; நிறுவனங்கள் எழும், விழும்; தமிழன் தலையில் கட்டிய வடமொழிப் பெயர் மட்டும் என்றும் விழாது போலும்!

பெயர்தானே, பயன் கிடைத்தால் போதாதா என்பார் சிலர். பயனையே பார்க்கலாம். இந்தியக் கணக்காய்வுத் தலைவர் 2023-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தம் அறிக்கையில் இத்திட்டத்தை ஆய்ந்துரைத்தார். முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட தடங்கள் 774. அவற்றுள் 403 தடங்களில் வானூர்தி பறக்கவே தொடங்கவில்லை. தொடங்கிய 371-இல் மூன்றாண்டுக் காலத்தை நிறைவு செய்தவை 112 மட்டுமே. அக்காலத்துக்குப் பின்னும், நல்கையின் துணையின்றி, 2023 மார்ச்சில் நிலைத்து நின்றவை 54! நூற்றுக்கு ஏழு! தமிழ்மொழிப் பற்றாளர் எவரும் புனைந்து சொன்ன கணக்கன்று இது. தில்லியின் கணக்கப்பிள்ளையே தில்லியைப் பார்த்துச் சொன்ன கணக்கு.

இத்திட்டத்துக்குப் பொருள் கொடுப்பவர் யார்? ஏறத்தாழப் பாதி இருக்கைகளுக்கு, தொடக்கத்தில் ஒரு மணிநேரப் பறப்புக்கு 2,500 உருபா என்னும் அளவில், கட்டணத்தை வரையறுத்து, அதனால் நிறுவனத்துக்கு நேரும் குறையை நல்கையால் நிரப்புகின்றனர். அந்நல்கையின் பெரும்பகுதி மற்ற வானூர்திகள்மீது விதிக்கும் தீர்வையிலிருந்து வருகிறது. சென்னையிலும் கோவையிலும் பயணச்சீட்டு வாங்கும் தமிழனும் அதனைச் சுமக்கிறான். ஐந்திலொரு பங்கை மாநில அரசு தரல்வேண்டும். நிலத்தை மாநில அரசு விலையின்றிக் கொடுத்தல் வேண்டும். காவலும் தீயணைப்பும் மாநிலத்தின் செலவு. எரிநெய்மீதுள்ள விற்பனை வரியை மாநிலம் நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். நிலமும் பொருளும் காவலும் வரியிழப்பும் தமிழ்நாட்டுக்கு! பெயரும் உரிமையும் திறப்பு விழாவும் தில்லிக்கு!

தொடங்கிய இடத்திலும் நிலைப்பில்லை என்பதற்குச் சேலம் சான்று. 1993-இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் போக்குவரவு நீண்டகாலம் நின்று கிடந்தது. இதே திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சு 25-இல் மீண்டும் தொடங்கிற்று, 2021-இல் நின்றது, 2023 அகுதோபரில் மறுபடியும் தொடங்கிற்று. இன்று வருமோ, நாளை நிற்குமோ என்னும் வானூர்தியை நம்பி எந்த வணிகன் முதலிடுவான்? எவன் விடுதி கட்டுவான்? நிலையாமையின்மேல் ஒரு பொருளியலைக் கட்ட இயலுமா?

நெய்வேலிக்கு எண்ணிய வானூர்தியின் அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது 19 இருக்கைகள் கொண்ட சிறு வானூர்தி. நாளுக்கு ஒருமுறை, ஓர் இருக்கையும் வெறுமையாக இன்றி ஆண்டு முழுவதும் வந்தாலும், ஓராண்டில் வந்திறங்குவோர் 6,935 பேர். வடலூர்த் தைப்பூசத்துக்கு ஒரே நாளில் பேருந்திலும் தொடர்வண்டியிலும் கால்நடையாகவும் வந்து குவியும் மக்களோ இலக்கக்கணக்கினர்! அவர்கள் வரும் சாலையும் அவர்கள் தங்கும் இடமும் அவர்கள் பருகும் நீரும் எவ்வாறு உள்ளன என்று கேட்பாரில்லை. விழுப்புரம்–மயிலாடுதுறை இருப்புப்பாதை அகலப்பாதையானது 2010-இல்தான். தரையில் செல்லும் வண்டிக்கே அரை நூற்றாண்டு காக்க வைத்தவர்கள், வானத்தைக் காட்டி மயக்குகின்றனர்.

சுற்றுலாவுக்கு அப்பகுதியில் பொருளில்லையா? தமிழ்நாட்டின் வரலாறே அங்குக் குவிந்து கிடக்கிறது. அண்டையிலேயே வடலூர், 1867-இல் வள்ளலார் மூட்டிய அணையா அடுப்பு அங்குப் பசித்தவர்க்கு இன்றும் சோறு வடிக்கிறது. ஒன்றிரண்டு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் ஆடல்வல்லானின் தில்லை. தில்லை மரமும் சுரபுன்னையும் அடர்ந்த பிச்சாவரம். பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் ஏரி. முதலாம் இராசேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம். அங்குள்ள பெருங்கோயிலை 2004-இல் ஒன்றிய நாடுகள் அமைப்பே உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பண்ணுருட்டிப் பலாவும் அவ்வட்டாரத்து முந்திரியும் எந்நாட்டு நாவையும் கவர வல்லன.

இத்துணைச் செல்வமும் எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது? தில்லை என்னும் தூய தமிழ்ப்பெயர் சிதம்பரமாயிற்று. திருமுதுகுன்றம் விருத்தாசலமாயிற்று. ஊரின் பெயரையே இழந்தவன் அவ்வூரின் பெருமையை எவ்வாறு விற்பான்? வானூர்தியில் வந்திறங்கும் அயலவன் 'இவ்வூர்க்கு இப்பெயர் ஏன் வந்தது' என்று கேட்டால், தமிழ் வழிகாட்டி ஒரு வடமொழிக் கதையைத்தானே சொல்லியாக வேண்டியுள்ளது? சுற்றுலா என்பது படகும் விடுதியும் மட்டுமன்று. ஓர் இனம் தன்னை உலகுக்கு எடுத்துக்காட்டும் வாய்ப்பு அது. தன்னையே அறியாத இனம் எதனை எடுத்துக் காட்டும்?

இனித் திறவுகோல் எங்குள்ளது என்பதைக் காணலாம். இந்திய அரசியலமைப்பின் ஏழாம் பட்டியலில், நடுவணரசுக்குரிய அதிகாரங்களுள் 29-ஆம் இனமாக வான்வழியும் வானூர்தியும் வானூர்தி நிலையமும் வைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டரசு தன் நிலத்தில், தன் பொருளில் ஒரு நிலையம் கட்டலாம். ஆயினும் தில்லியின் ஒப்புதலின்றி ஒரு வானூர்தியும் அதில் இறங்காது. இதன் விளைவைப் பாருங்கள். தென்கிழக்காசிய நாடுகளின் வானூர்திகள் தடையின்றி வந்திறங்கலாம் என்று நடுவணரசு ஒப்பிய, பெருநகர் அல்லாத 18 நகர்களில் கயா உண்டு, கசுராகோ உண்டு, தமிழ்நாட்டில் திருச்சி ஒன்றே உண்டு. கழகம் வளர்த்த மதுரைக்கு இடமில்லை! மலையாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு மதுரையைவிடக் கசுராகோவா நெருக்கம்?

ஓசூரின் கதை இன்னும் கசப்பானது. பெங்களூர் வானூர்தி நிலையத்தைக் கட்டிய நிறுவனத்தோடு நடுவணரசு 2004-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, அந்நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறொரு நிலையம் வளரலாகாது என்கிறது. விலக்குப் பெற்றவை இரண்டு ஊர்கள்: மைசூரும் ஆசனும். இரண்டும் கருநாடகத்தவை! தமிழ்நாட்டு ஓசூர்க்கு விலக்கில்லை. தமிழ்நாட்டு மண்ணில் எது வளரலாம் என்பதைத் தமிழ்நாடு கையெழுத்திடாத உடன்படிக்கை ஒன்று கட்டுப்படுத்துகிறது. 2024-இல் தமிழ்நாட்டரசு ஓசூரில் நிலையம் அமைப்பதாக அறிவித்தபோதும் இத்தடையே குறுக்கே கிடந்தது. நெய்வேலியில் பறக்காத வானூர்தியும், மதுரையில் இறங்காத வானூர்தியும், ஓசூரில் தடுக்கப்பட்ட வானூர்தியும் வெவ்வேறு கதைகள் அல்ல; ஒரே கதையின் மூன்று கிளைகள்.

வாயிலில் நிற்கும் காவலனையும் மறந்துவிடலாகாது. 2020 ஆகத்து 9-ஆம் நாள், சென்னை வானூர்தி நிலையத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, தமக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்றதற்கு, நடுவண் தொழிலகப் பாதுகாப்புப் படையைச் சார்ந்த ஒருவர், தாங்கள் இந்தியர்தாமா என்று வினவியதாக அவரே வெளியிட்டார். நாடாளுமன்ற உறுப்பினர்க்கே இது நேருமாயின், பண்ணுருட்டி உழவனுக்கும் குறிஞ்சிப்பாடி நெசவாளிக்கும் என்ன நேரும்? நெய்வேலி மக்களுக்கு அப்படை புதியதன்று. சுரங்கத்துக்குக் காவல் நிற்பதும் அதே படை. 2014 மார்ச்சு 17-இல் இரண்டாம் சுரங்கத்தில் அப்படையினன் ஒருவன் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். மண்ணின் மக்களின் மொழி அறியாதவன் கையில் வாயிலையும் துமுக்கியையும் கொடுத்துவிட்டு, வாருங்கள் வாருங்கள் என்று விருந்தினரை அழைப்பது எவ்வகைச் சுற்றுலா?

மாற்று வழி உண்டா என்றால், அண்டை நாடான கேரளமே அதனைக் காட்டியுள்ளது. கொச்சியில் கப்பற்படைக்குரிய சிறு நிலையம் போதாதென்று கண்ட மலையாளர், தில்லி கட்டித் தரும் என்று வாளா இருக்கவில்லை. கேரள அரசும், அயல்நாடுகளில் உழைத்த பல்லாயிரம் மலையாளரும் பங்குதாரராகி ஒரு நிறுவனத்தை அமைத்தனர். 1999 மே 25-இல் நெடும்பாச்சேரியில் அந்நிலையம் திறக்கப்பட்டது. நிலமிழந்த குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன. நிலையத்தில் வாடகையுந்து ஓட்டும் வாய்ப்பும் பணிகளும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. 2015 ஆகத்து முதல் அந்நிலையத்தின் மின்தேவை முழுவதையும் கதிரவன் ஒளியே நிறைவு செய்கிறது. வான்வழி அதிகாரம் தில்லியிடமே இருந்தபோதும், பங்கும் மேலாண்மையும் தம் கையில் இருந்தமையால் மலையாளர் தம் வாயிலைத் தாமே திறந்தனர். சிங்கப்பூரிலும் மலையாவிலும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பரவிக் கிடக்கும் தமிழர்க்கு இது இயலாததா? இயலும். செய்வதற்கு உரிய தன்மான உணர்வுதான் வேண்டும்.

இவ்வாறு கேட்பவரைத் தமிழ்நாட்டு வளர்ச்சியின் பகைவர் என்று தூற்றுவோர் உண்டு. வளர்ச்சியின் பெயரால் நெய்வேலியைச் சுற்றி நடந்தது என்ன? 2023 சூலை 26-இல், சுரங்க விரிவுக்கான கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் கதிர்விடும் நிலையில் நின்ற நெற்பயிரின்மீது மண்வாரிப் பொறிகளை ஏற்றினர். நிலத்தை முன்பே பெற்றுவிட்டோம், இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். அறுவடைக்காக இரண்டு திங்கள் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர்முறை மன்றமே கேட்டது. பச்சைப் பயிரை மண்ணில் புதைப்பவனைப் பார்த்து வளர்ச்சியின் நண்பன் என்று சொல்ல வேண்டுமாம். புதைக்காதே என்பவன் பகைவனாம்! அதே ஆண்டில்தான் அந்நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளரும் நிலைப்பணி வேண்டிப் போராடினர். பொறிஞர்களை எடுக்கும்போது அனைத்திந்தியத் தேர்வு. கூலிகளை எடுக்கும்போது மட்டும் உள்ளூர்த் தமிழன்! வானூர்தி நிலையம் வந்தாலும் இதே முறைதான் வரும். மேசைக்குப் பின்னே அயலான் அமர்வான். தரையைத் துடைக்கும் துடைப்பம் தமிழன் கையில் இருக்கும்.

தமிழர் ஒன்றுபட்டு நின்றபோது தில்லி பணிந்ததற்கும் நெய்வேலியே சான்று. 2006-இல் அந்நிறுவனத்தின் பங்குகளில் 10 விழுக்காட்டை விற்க நடுவணரசு முனைந்தது. தமிழகம் கொதித்தெழுந்தது, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், தலைமையமைச்சர் மன்மோகன் சிங்கு பங்கு விற்பனையை நிறுத்தி வைத்தார். 2013-இல் மீண்டும் விற்பனைப் பேச்சு எழுந்தபோது, தனியார் கைக்குப் போகாமல் தமிழ்நாட்டரசின் ஐந்து நிறுவனங்களே 3.56 விழுக்காட்டுப் பங்கை ஏறத்தாழ 358 கோடி உருபா கொடுத்து வாங்கின. தன் மண்ணின் செல்வத்தில் ஒரு துணுக்கைத் தமிழ்நாடு காசு கொடுத்து வாங்க நேர்ந்தது இழிவே. எனினும், மாநிலம் நினைத்தால் பங்கு கொள்ள இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

அவ்வழியைத் தொடர்தலே இன்றைய கடமை. நெய்வேலி ஓடுபாதையையும் அதனைச் சார்ந்த நிலத்தையும் நிலக்கரி நிறுவனத்திடமிருந்து பெற்று, தமிழ்நாட்டரசும் நிலமிழந்த குடும்பங்களும் புலம்பெயர்ந்த தமிழரும் பங்குதாரராகும் தனி நிறுவனம் ஒன்றன்கீழ்க் கொண்டுவருதல் வேண்டும். அங்கு அமையும் பணிகளில் நிலம் கொடுத்தோர் மக்களுக்கே முதலுரிமை வேண்டும். பெயர்ப்பலகையிலும் அறிவிப்பிலும் காவலர் வாயிலும் தமிழே முதன்மையாக ஒலித்தல் வேண்டும். சென்னைக்குச் சிறுவானூர்தி விடுவதோடு நில்லாமல், பேருந்தில் எளிதிற் செல்லவியலாத தொலைநகர்களோடு இணைத்தல் வேண்டும். வடலூரையும் தில்லையையும் முதுகுன்றத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் நல்ல சாலையாலும் தொடர்வண்டியாலும் ஒருசேரக் கோத்து, அவற்றின் வரலாற்றைத் தமிழ் அறிந்தவர் எடுத்துரைக்குமாறு செய்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வானூர்தி நிலையங்களைப் பற்றிய அதிகாரத்தை மாநிலங்களுக்கு மீட்டெடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் நாடாளுமன்றத்துத் தமிழ் உறுப்பினரும் ஒரே குரலில் முழங்குதல் வேண்டும்.

இரண்டாம் உலகப்போரின்போது நெய்வேலிக்கு அண்மையிலுள்ள உளுந்தூர்ப்பேட்டையில் வெள்ளையன் ஓர் ஓடுபாதை அமைத்தான். அவன் போருக்காக அமைத்தான். போர் முடிந்ததும் போய்விட்டான். தமிழன் நிலத்தில், தமிழன் தேவையைக் கேளாமல் போடப்பட்ட அப்பாதை தமிழனுக்கு ஒரு வாயிலாகவே இல்லை. நெய்வேலி ஓடுபாதைக்கும் அந்நிலை வந்துவிடலாகாது. கரி தீரும் நாள் ஒன்று வரும், சுரங்கம் மூடப்படும். 1962-இல் எரியத் தொடங்கிய முதல் மின்னாக்க நிலையம் 2020-இல் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது. கரி தீர்ந்தபின் அங்கு வாழப்போகும் மக்களுக்குப் பிழைப்பு வேண்டும். வெறுங்குழிகளையும் வற்றிய நீரூற்றுகளையும் அவர்களுக்கு விட்டுச் செல்வதா, உலகுக்குத் திறந்த ஒரு வாயிலை விட்டுச் செல்வதா என்பதை இன்றைய தலைமுறையே முடிவு செய்தல் வேண்டும். அவ்வாயிலின் திறவுகோலைத் தில்லி தானாகக் கொடுக்காது. கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்டும் கொடாவிடின் போராடிப் பெறுதல் வேண்டும்!